ஊர்ப் பொதுவும் உலகப் பொதுவும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்குரிய பிரசங்கம்)



கிராமத்திலுள்ள சொத்துக்கள் இரு திறத்தன. நிலம், வீடு, மாடு, கிணறு முதலியன தனித்தனி மனிதருக்கு உரியவை. இவற்றுக்குப் பத்திரமும் பட்டாவும் உண்டு. ஏரி, வரத்துக்கால், மந்தைவெளி, தோப்பு முதலியன ஊர் முழுவதற்கும் உரியவை. இவற்றின் பலனுக்கு உரியவர் யார் என்று கேட்டால், எல்லாரும் என்பதே விடை. இவற்றைப் பழுது பார்க்க வேண்டியவர் யார் என்று கேட்டாலோ, பெரும்பாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இவ்விரண்டு விடைகளும் பொருந்தாத இடங்களிலெல்லாம் ஏரிகள் தூர்ந்தும், கால்வாய்கள் அடைபட்டும், மந்தைவெளிகள் சுருங்கியும் போயிருக்கின்றன.

ஏரியும் மந்தைவெளியும் கண்ணுக்குத் தெரியும் பொதுச் சொத்துக்கள். கண்ணுக்குத் தெரியாத பொதுச் சொத்துக்களும் இரண்டு உள. ஒன்று, பூமிக்கடியில் ஊறி நிற்கும் ஜலம்; மற்றொன்று, தலைக்குமேல் உலகம் முழுவதையும் சூழ்ந்து நிற்கும் வாயுமண்டலம். இவை மூன்றும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதையும், நாணய சங்கத்தின் கடன் புஸ்தகத்துக்கும் இவற்றுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதையும் எடுத்துக் காட்டுவதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

பொதுச் சொத்தின் கணக்கு

ஒரு மந்தைவெளியில் 50 குடிகளின் மாடுகள் மேய்வதாக வைத்துக்கொள்வோர், பின்வரும் கணக்கை எளிதில் அறிவர். ஒரு குடியானவர் மாடொன்றைக் கூட்டினால், அதன் பாலும் கன்றும் எருவும் முழுவதும் அவருக்கே சேரும். அம்மாடு தின்னும் புல்லினால் உண்டாகும் குறைவோ 50 பங்காகப் பிரிந்து, அவர் தலையில் ஒரு பங்கே விழும். ஆகையால் மாட்டைக் கூட்டுவது அவருக்கு லாபமாகவே தோன்றும். 50 பேரும் இவ்வாறே கணக்கிட்டால், சில வருஷங்களில் புல் வேரோடு போய், எல்லார் மாடுகளும் பட்டினி கிடக்கும். இதில் ஒருவரும் திருடவில்லை. ஒருவரும் பிறருக்குத் தீங்கு நினைக்கவுமில்லை. தனித்தனியே சரியான கணக்கு, ஒன்றுசேர்ந்தபோது தவறான கணக்காகிவிட்டது.

காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1968-ஆம் வருஷத்தில் ‘ஸயன்ஸ்’ என்ற பத்திரிகையில் இந்நியாயத்தை விரிவாக எழுதிப் பெயர் பெற்றார். ஒன்று, சர்க்கார் முழு அதிகாரத்துடன் ஆள வேண்டும். அல்லது, பொதுவைத் தனிச் சொத்தாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இவையிரண்டுமின்றிப் பொதுச் சொத்து அழிவது திண்ணம் என்பதே அவர் எழுதியதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆயினும் உலக அனுபவம் இம்முடிவை முழுவதும் ஆதரிக்கவில்லை. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மலைகளில் டோர்பெல் என்றொரு கிராமம் உண்டு. குளிர்காலத்தில் ஒருவர் தம் சொந்தத் தீவனத்தைக்கொண்டு எத்தனை பசுக்களைக் காப்பாற்றுகிறாரோ, அத்தனை பசுக்களையே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று அவ்வூரார் 1517-ஆம் வருஷத்தில் விதி செய்துகொண்டனர். இவ்விதியின் அழகு, எவரும் எளிதில் எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருப்பதே. சர்க்கார் உத்தியோகஸ்தர் வந்து எண்ண வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரர் எண்ணினால் போதும். அம்மேய்ச்சல் நிலங்கள் பல நூற்றாண்டுகளாக அழியாமல் நின்றன.

ஸ்பெயின் தேசத்து வாலன்ஸியா நகரில், வாய்க்கால் பாசனக் குடிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், வியாழக்கிழமைதோறும் நடுப்பகலில் மாதாகோயில் வாசலில் கூடி, ஜலத் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கின்றனர். வக்கீலும் இல்லை, வருஷக்கணக்கில் வாய்தாவும் இல்லை. பல நூற்றாண்டுகள் பழமையான இந்த நியாய ஸ்தலத்தை 2009-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு தூரம் போக வேண்டுவதுமில்லை. 1953-ஆம் வருஷம் வரையில் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த கர்நூல் ஜில்லாவின் கிராமங்களை ராபர்ட் வேட் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1988-ஆம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே சில கிராமத்தார் தாங்களே ஒரு சபை கூட்டி, பொது நிதி சேர்த்து, அதிலிருந்து சம்பளம் கொடுத்து நீர் பாய்ச்சும் ஆட்களையும் வயற்காவலரையும் நியமித்துக்கொண்டனர். அறுவடையான தாள் நிலத்தில் கிடை மறிக்கும் ஆட்டுக்காரரிடம் வாங்கும் தொகையும் அந்நிதிக்கு ஒரு வருவாயாயிற்று. எல்லாக் கிராமங்களும் இவ்வாறு செய்யவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. கால்வாயின் தலைப்பில் ஜலம் தாராளமாகக் கிடைத்த ஊர்களில் இவ்வேற்பாடு இல்லை. கடைமடையில் ஜலம் வருமோ வராதோ என்று அஞ்சியிருந்த ஊர்களிலேயே ஒற்றுமை உண்டாயிற்று. அவ்வொற்றுமை உபதேசத்தினால் வந்ததன்று. கூடி நின்றாலன்றிப் பயிர் பிழைக்காது என்ற தெளிவினால் வந்தது.

எலினர் ஆஸ்ட்ரம் கண்ட விதிகள்

இத்தகைய உதாரணங்களை உலகெங்கும் தேடித் திரட்டியவர் எலினர் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க மாது. அவருடைய நூல் 1990-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. 2009-ஆம் வருஷத்தில் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. நிலைத்து நின்ற பொது ஏற்பாடுகளில் அவர் கண்ட பொது லக்ஷணங்களைக் கிராம வழக்கில் பின்வருமாறு கூறலாம்.

முதலாவது, பொதுவின் எல்லையும் அதில் பாத்தியதை உடையவர் யாவர் என்பதும் தெளிவாயிருக்க வேண்டும். இரண்டாவது, எடுக்கும் பங்குக்கும் கொடுக்கும் உழைப்புக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இரண்டு காணிக்கு நீர் எடுப்பவரும் பத்துக் காணிக்கு எடுப்பவரும் ஒரே அளவு மண்வெட்டி வேலை செய்வது நியாயமாகாது. மூன்றாவது, விதிக்கு உட்படுவோர் விதி செய்வதிலும் கலந்துகொள்ள வேண்டும். நான்காவது, காவல் காப்பவர் ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராயிருக்க வேண்டும். ஐந்தாவது, தண்டனை படிப்படியாக ஏற வேண்டும். முதல் தவறுக்குச் சிறு அபராதமே போதும். ஆறாவது, தகராறுகளைச் செலவின்றி விரைவில் தீர்க்கும் இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏழாவது, ஊரார் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சர்க்கார் அங்கீகரிக்க வேண்டும். எட்டாவது, பொதுச் சொத்து பெரியதானால், சிறிய சபைகளின் மேல் பெரிய சபை என்று அடுக்கடுக்காக நிர்வாகம் அமைய வேண்டும்.

நாணய சங்கத்தின் அங்கத்தினர்களுக்கு இவை புதியவை அல்ல. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் இத்தேசத்தில் ஏற்பட்ட சங்கங்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஒரே கிராம எல்லைக்குள் கூடி, ஒருவர் கடனுக்கு எல்லாரும் ஜவாப்தாரியாக நிற்கும் கொள்கையின்மீதே எழுந்தன. கடன் வாங்கியவர் மாட்டுக்கென்று வாங்கிய பணத்தைக் கல்யாணத்தில் செலவழித்தால், அதை முதலில் அறிபவர் அண்டை வீட்டுக்காரரே. சங்கத்தின் நிதியும் ஒரு பொது ஏரியே.

ஏரியின் சரித்திரம்

தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாக 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. கரையை உயர்த்துவதும், மதகைப் பழுது பார்ப்பதும், வரத்துக்காலில் மண் எடுப்பதும் குடிமராமத்து என்ற பெயரால் ஊராரின் கடமையாக இருந்தன. நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் பெயர் பெற்ற ஊழியர் வயலுக்கு வயல் முறை வைத்து ஜலம் விட்டு, களத்துமேட்டில் தம் சுதந்தரத்தை நெல்லாகப் பெற்றனர்.

இவ்வேற்பாடு குறையற்றதென்று சொல்வது உண்மைக்கு மாறாகும். நிலமுடையோரின் சொல்லே சபையில் ஏறிற்று. மண் சுமந்தவர்களில் பலருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. ஜலத்தைப் பங்கிட்ட நீர்க்கட்டிக்குப் பல ஊர்களில் சபையில் உட்காரும் இடமும் இல்லை. பழைய குடிமராமத்தைப் புகழ்வோர் இதையும் உடன் சேர்த்து நினைக்க வேண்டும். பலனில் பங்கில்லாதவர் காவலில் பங்கு கொள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தளர்ந்தது. ஊர்ப் பொது வருவாய் குறைந்து, தீர்வை ஒவ்வொரு பட்டாதாரரிடமும் தனித்தனியே வாங்கப்பட்டபின், பொது வேலைக்கு ஆளும் பணமும் சேர்ப்பது அரிதாயிற்று. 1858-ஆம் வருஷத்தில் சர்க்கார் ஒரு சட்டம் செய்து, வழக்கமான உழைப்பைக் கட்டாயமாக வாங்க முயன்றனர். சட்டத்தினால் பழைய வழக்கம் உயிர் பெறவில்லை. 1960-61-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனத்தில் சுமார் 9 லக்ஷம் ஹெக்டேர் நிலம் பயிராயிற்று. பிற்காலத்தில் மழை குறைந்த சில வருஷங்களில் அதில் பாதியும் பாயவில்லை. 2017-ஆம் வருஷத்தில் குடிமராமத்து என்ற பெயராலேயே சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிப் பல ஏரிகளில் வேலை செய்வித்தனர். ஒரு முறை தூர் எடுக்கச் சர்க்கார் பணம் போதும். வருஷந்தோறும் வரத்துக்காலைத் திறந்து வைத்திருக்க ஊரார் ஏற்பாடே வேண்டும்.

கிணறும் கடன் புஸ்தகமும்

ஏரி தளர்ந்தபோது குடிகள் கிணற்றை நாடினர். கவலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நின்றது; ஆகவே பூமியடி ஜலத்துக்கு இயற்கையாகவே ஒரு காவல் இருந்தது. மின்சார மோட்டார் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. 1990-ஆம் வருஷ வாக்கிலிருந்து தமிழ்நாட்டு விவசாயக் கிணறுகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. ஏழைக் குடியானவருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்னும் ஒரு மணி நேரம் இறைத்தால் செலவு ஒன்றுமில்லை என்ற நிலையும் இதனால் உண்டாயிற்று.

சர்வே கல் நிலத்தின் மேல்தான் நிற்கிறது. ஜலம் அதை அறியாது. ஒருவர் நூறு அடியில் கிணறு வைத்திருக்க, அடுத்தவர் முந்நூறு அடிக்குக் குழாய் இறக்கினால், முதல்வருடைய கிணறு வற்றும். அவரும் கடன் வாங்கி முந்நூறு அடிக்கு இறக்குவார். பின் மற்றவர் ஐந்நூறு அடிக்குப் போவார். இக்கடனைப் பெரும்பாலும் கொடுப்பது எது? நாணய சங்கமும் பாங்கியும் லேவாதேவிக்காரருமே. ஒவ்வொரு மனுவையும் தனித்தனியே பார்த்தால் ஜாமீன் சரியாகவே இருக்கும். நிலம் உண்டு, பயிர் உண்டு, நாணயமும் உண்டு. இருபது மனுக்களையும் சேர்த்துப் பார்த்தால், இருபது பேரும் ஒரே ஊற்றை அடகு வைத்திருப்பது புலனாகும். அவ்வூற்று வற்றும் வருஷத்தில் இருபது கடன்களும் ஒரே நாளில் பாக்கி விழும். மந்தைவெளியில் மாட்டைக் கூட்டிய கணக்கு இங்கே சங்கத்தின் முத்திரையோடு நடைபெறுகிறது.

இதற்குப் பரிஹாரம் உண்டா? 2003-ஆம் வருஷம் முதல் சில வருஷங்கள் ஆந்திர தேசத்தில் வறட்சி மிகுந்த ஏழு ஜில்லாக்களில் குடியானவர்களே மழையை அளந்தும், கிணற்று நீர் மட்டத்தை அளந்தும், கிணறுகளில் எவ்வளவு ஜலம் ஊறும் என்று கணக்கிட்டும், பயிர் வைக்குமுன் ஊர்கூடி அக்கணக்கைப் படித்தனர். இன்ன பயிர்தான் வைக்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரின் மொத்த வரவும் மொத்தச் செலவும் பலகையில் எழுதப்பட்டதைக் கண்டபின், பலர் நெல்லைக் குறைத்துக் குறைந்த நீர்ப் பயிருக்கு மாறினர். திட்டத்தின் பண உதவி நின்றபின் இவ்வழக்கம் எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் நிலைக்கவில்லை. அளவுகோலைத் தொடர்ந்து பிடிக்க ஊரில் நிலையான ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பதே இதனால் அறியப்படும் பாடம். நாணய சங்கம் அத்தகைய ஸ்தாபனமாகும்.

பஞ்சாபில் 2009-ஆம் வருஷத்துச் சட்டம், பூமியடி ஜலத்தைக் காக்க வேண்டி, ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நெல் நாற்று நடலாகாது என்று விதித்தது. கடுங்கோடையில் ஆவியாகிப் போகும் ஜலம் இதனால் மிச்சமாயிற்று. ஆனால் நெல் அறுவடை பின்தள்ளிப் போகவே, கோதுமை விதைக்குமுன் வைக்கோலை அகற்ற அவகாசம் சுருங்கிற்று. தாளை நெருப்பிட்டுக் கொளுத்துவது குளிர்காலத்துக்கு முந்திய வாரங்களில் நெருங்கி விழுந்தது. ஒரு பொதுவைக் காக்கப் போய், மற்றொரு பொதுவாகிய காற்றுக்குக் கேடு மிகுந்தது. பொதுச் சொத்துக்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை.

வாயுமண்டலம் என்னும் மந்தைவெளி

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமிலவாயு உண்டாகி ஆகாயத்தில் சேர்கிறது. சூரியனால் சூடேறிய பூமியின் உஷ்ணம் முழுவதும் வெளியேறாதபடி அது கம்பளிபோல் தடுக்கிறது. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றில் பத்து லக்ஷத்தில் 280 பங்கு அளவிலிருந்த இவ்வாயு, ஹவாய்த் தீவில் இடைவிடாது அளக்கத் தொடங்கிய 1958-ஆம் வருஷத்தில் சுமார் 315 பங்காயிருந்தது. 2024-ஆம் வருஷத்தில் 420-க்கு மேற்பட்டது. பூமியின் சராசரி உஷ்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்ந்திருக்கிறது.

உஷ்ணம் 1 டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது நிலம் விரைவில் உலர்வதும் மிகுகின்றன. 2016-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிக்கும் மிகக் குறைவாகவே பெய்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் மழை விழுந்தது. ஒவ்வொரு வறட்சியையும் வெள்ளத்தையும் கரியமிலவாயுவின் தலையில் ஏற்றுவது சரியன்று. ஆயினும் இத்தகைய இரு கோடிகளுக்கும் ஏரிக்கரையும் கலிங்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதில் வாதமில்லை.

இங்கும் மந்தைவெளிக் கணக்கே. எரிப்பவருக்கு லாபம் முழுவதும்; நஷ்டமோ உலகோர் அனைவருக்கும், இன்னும் பிறவாதவருக்கும் பங்காகிறது. பிறர்மேல் விழும் நஷ்டத்தை எரிப்பவரிடமே வரியாக வாங்கினால் கணக்கு நேராகும் என்னும் கொள்கையை, பிகூ என்ற ஆங்கிலப் பொருளாதார சாஸ்திரி 1920-ஆம் வருஷத்து நூலில் விளக்கினார். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்து அபராதம் வாங்கும் நியாயமே இது. பின்லாந்து 1990-லும் ஸ்வீடன் 1991-லும் கரிக்கு வரி விதித்தன. ஐரோப்பிய தேசங்கள் 2005-ல் மொத்த அளவுக்கு ஓர் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் எரிக்கும் உரிமையை ஆலைகள் வாங்கவும் விற்கவும் இடமளித்தன. இந்திய சர்க்கார் 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி விதித்து, 2016-ல் அதை 400 ரூபாயாக உயர்த்தினர்.

ஆயினும் இதில் நியாயக் கேள்வி ஒன்று எழுகிறது. அமெரிக்கர் ஒருவர் பங்குக்கு வருஷத்தில் சுமார் 14 டன் கரியமிலவாயு வெளியாகிறது. இந்தியர் ஒருவர் பங்குக்குச் சுமார் 2 டன். மேய்த்தவர் ஒருவர், பட்டினி கிடப்பவர் மற்றொருவர் என்ற நிலை இது. கெடுதல் செய்தவர் முன்னின்று பொறுப்பேற்பதே முறை. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ஆம் வருஷத்தில் மான்ட்ரியல் நகரில் செய்த உடன்படிக்கையை நாளடைவில் எல்லாத் தேசங்களும் ஏற்றன; ஏழைத் தேசங்கள் மாறுவதற்கு வேண்டிய பணத்துக்கு ஒரு பொது நிதியும் ஏற்பட்டது. கரியமிலவாயு விஷயத்தில் 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கை உண்டு. அதில் ஒவ்வொரு தேசமும் தன் அளவைத் தானே குறிக்கிறது.

உலக உடன்படிக்கை பூரணமாகும் வரையில் மற்றவர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை என்று ஆஸ்ட்ரம் 2009-ஆம் வருஷத்தில் உலக பாங்கிக்காக எழுதிய கட்டுரையில் வாதித்தார். நகரமும் ஜில்லாவும் கிராமமும் தத்தம் அளவில் செய்யும் காரியத்துக்கு உடனடியான உள்ளூர்ப் பலனும் உண்டு. அப்பலனுக்காகவே அதைச் செய்யலாம் என்பது அவர் கருத்து. கிராமம் ஆகாயத்தைக் குளிரச் செய்ய முடியாது; வரும் மழையைப் பிடித்து வைக்க முடியும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

சங்கக் கட்டடத்தில் ஒரு மழைமானி வைத்து, அளவை நாள்தோறும் பலகையில் எழுதலாம். ஊரின் நான்கு திசைகளிலும் சில கிணறுகளைக் குறிப்பிட்டு, மாதந்தோறும் கயிறு விட்டு நீர் மட்டத்தை அளந்து பதியலாம். இரண்டுக்கும் செலவு அற்பமே. பயிர்க் கடன் கொடுக்குமுன் மகாசபை கூடி அக்கணக்கைப் படிக்கலாம்.

கிணறு ஆழப்படுத்தும் மனுக்களைத் தனித்தனியாகப் பைசல் செய்யாமல், ஊரின் மனுக்களை ஒன்றாக வைத்து ஊற்றின் நிலைமையோடு ஒத்துப் பார்க்கலாம். நீர் மட்டம் வருஷத்துக்கு வருஷம் இறங்குமாயின், அத்தொகையையே சொட்டு நீர்க் குழாய்க்கும், சிறுதானிய விதைக்கும், வரத்துக்கால் மராமத்துக்கும் கடனாகத் திருப்பலாம். மனுவை மறுப்பதானால் மாற்று வழி காட்டியே மறுக்க வேண்டும். இல்லையேல் மனுதாரர் லேவாதேவிக்காரரிடம் போய் அதே குழாயை அதிக வட்டிக்கு இறக்குவார்.

ஏரியின் மீன்பாசி ஏலத்தொகை, கரைமரங்களின் பலன் முதலியவற்றில் ஒரு பகுதி ஏரிக்கே திரும்பும்படி, சட்டம் இடங்கொடுக்கும் அளவில், பஞ்சாயத்தோடு கலந்து ஏற்பாடு செய்யலாம். நிலமில்லாதவருக்கும், ஆடு மாடு வைத்திருக்கும் பெண்களுக்கும் அப்பலனில் பங்கும், ஏரிச் சபையில் ஸ்தானமும் இருத்தல் அவசியம். முதல் தவறுக்குச் சிறு அபராதமும், அதைப் பலரறியப் பதிவதும் போதும்.

வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் வரத்துக்கால் ஒரு முறை நடந்து பார்க்கப்பட்டிருக்கிறதா, கிணற்றின் ஆழம் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறதா என்ற இரு கேள்விகளை ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியும் புரட்டாசி மாதக் கூட்டத்தில் கேட்குமாயின், அதுவே நல்ல ஆரம்பம். அங்கத்தினர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போது நிலத்தின் நான்கு எல்லைகளும் வாசிக்கப்படுகின்றன. நிலத்தின் கீழ் எவ்வளவு ஜலம் இருக்கிறது என்பதும் அன்று உடன் வாசிக்கப்பட வேண்டும்.